நான்காவது சிவப்புக் கயிறு

நசீர் அகமதுவின் வீட்டில், நசீமா அடுப்பைப் பற்ற வைப்பதற்கு முன், "பத்த வெக்கிறேங்க" என்று கூடத்தை நோக்கி ஒரு குரல் கொடுத்துவிட்டுத்தான் லைட்டரை அழுத்துவார். குரல் கொடுக்க மறந்தால் அந்தச் சின்னச் சத்தத்துக்கே கணவரின் கையிலிருந்து தேநீர்க் கோப்பை நழுவிவிடும். இரண்டு கோப்பைகள் உடைந்த பிறகு செய்துகொண்ட ஏற்பாடு இது. போன சித்திரை வரை அவர் இப்படிப்பட்டவர் அல்லர்.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. வேங்கிக்காலில், வேலூர் சாலையை ஒட்டி, தகரக் கூரை போட்ட பட்டறை ஒன்றில் வண்டிகளின் ஏசியைப் பழுது பார்க்கிறார். எந்த வண்டி வந்தாலும் முதலில் பேட்டரி வயரைக் கழற்றுவார். சாவியை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். பிறகுதான் திருப்புளியைத் தொடுவார். இருபத்தெட்டு ஆண்டுகளாக இந்த வரிசை மாறியதில்லை. ஆனால் ஒரே ஒரு கோடையில், ஒரு காரியத்தில், அவர் தவறினார்.

ஏழு ஆண்டுகளுக்கு முந்தைய கோடை அது. வண்டி ஏசிக்கான கேஸ் மூன்று வாரமாக ஊரில் எங்கும் கிடைக்கவில்லை. வெயிலில் வெந்துபோய் வந்து நின்ற ஓட்டுநர்களிடம் இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. சமையல் கேஸை ஏற்றினாலும் அதே குளிர் கிடைக்கும் என்பது இந்தத் தொழிலில் பலரும் அறிந்தது. அப்படிச் செய்யக் கூடாது என்பதும் அறிந்ததுதான். கசியாத வரை ஒன்றும் நேராது. கசிந்தால் ஒரு தீக்குச்சி போதும். நான்கு லாரிகளுக்கு அவர் அதை ஏற்றினார். அந்த வண்டிகள் மறுபடி வந்தால் தனக்கு அடையாளம் தெரிய வேண்டுமே என்று, கேஸ் ஏற்றும் வால்வின் கழுத்தில் சிவப்புக் கயிற்றை மூன்று சுற்றுச் சுற்றி இரட்டை முடிச்சுப் போட்டார். "இந்தக் கயித்த மட்டும் அவுக்காதீங்க. யாரையும் அவுக்க விடாதீங்க" என்று ஓட்டுநர்களிடம் சொன்னார். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று பின்னாளில் சமாதானம் சொல்லிக்கொண்டார். கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார் என்பது அவருக்கே தெரியும்.

நான்கு லாரிகளும் திரும்பி வரவில்லை. நன்றாகக் குளிர்கிற ஏசிக்கு மெக்கானிக் எதற்கு? மெல்ல மெல்ல அவர் அதை மறந்துபோனார்.

போன சித்திரையில் ஒரு நாள் காலை பத்து மணிக்கு, கீழ்பென்னாத்தூரிலிருந்து பழைய லாரி ஒன்று வந்து பட்டறை முன் நின்றது. நெல்லும் வேர்க்கடலையும் ஏற்றுகிற வண்டி. புதிதாக நீலச் சாயம் பூசியிருந்தார்கள். ஓட்டிவந்தவர் மண்ணாங்கட்டி, வண்டியும் அவருடையதுதான். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இன்னொருவரிடமிருந்து வாங்கியது. பக்கத்து இருக்கையிலிருந்து அவர் மனைவி பாஞ்சாலை இறங்கினார்.

"பாய், உள்ள எலி செத்துக் கீது. எங்க செத்துச்சின்னுதான் தெரியல" என்றார் மண்ணாங்கட்டி.

"பதினஞ்சு நாளா நாறுது. இவரு மூக்குக்கு நேத்துதான் எட்டிச்சாம்" என்றார் பாஞ்சாலை. "சாம்பிராணி போட்டேன். ஊதுவத்தி வெச்சேன். தெனம் ரெண்டு வேள கற்பூரம் காட்றேன். எதுக்கும் அடங்கல."

நசீர் கேபினுக்குள் தலையை நீட்டி முகர்ந்து பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. கொரோனா வந்து போனதிலிருந்து அவருடைய மூக்கு பாதிதான் வேலை செய்தது. அத்தரின் மணம்கூட நினைவிலிருந்துதான் வரும். அதனால் வாடிக்கையாளர்களின் மூக்கை நம்பியே வேலை பார்த்துவந்தார்.

"எலி நாத்தந்தானாம்மா? நல்லா தெரியுமா?"

"வேற இன்னா நாத்தம்? முட்ட அழுவுன மாதிரி, எலி செத்த மாதிரி. ஏன் பாய், ஒங்களுக்கு அடிக்கலியா?"

"எனக்கு ஜலதோஷம்" என்றார் நசீர். மூக்கு போய்விட்டது என்று சொல்ல அவருக்குக் கூச்சம்.

பேட்டரி வயரைக் கழற்றினார். சாவியை வாங்கிப் பையில் போட்டார். டேஷ்போர்டின் மேல் அண்ணாமலையார் படமும் சின்னப் பித்தளைத் தட்டும் இருந்தன. தட்டு முழுவதும் கற்பூரக் கரி. "சாமி படத்த நீங்களே எடுத்துக்குங்கம்மா. நான் டேஷ்போர்ட பிரிக்கணும்" என்றார். பாஞ்சாலை படத்தை முந்தானையால் துடைத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"எடுத்த சாமிய திரும்ப வெக்கும்போது கற்பூரம் காட்டித்தான் வெக்கணும். மறந்துடப் போறேன், ஞாபகப்படுத்துய்யா" என்று கணவரிடம் சொன்னார்.

"நீயா மறப்ப? எமன் வந்தாலும் 'கொஞ்சம் இருப்பா, கற்பூரம் காட்டிட்டு வரேன்'னு சொல்றவ நீ" என்றார் மண்ணாங்கட்டி. தனக்கு முன் பிறந்த இரண்டு குழந்தைகள் தங்காததால் அவருக்கு அந்தப் பெயர் வைத்திருந்தார்கள். "என்னத்தான் எமன் தொட மாட்டானே. மண்ணாங்கட்டிய இட்டுக்கினு போயி இன்னா பண்ணுவான்?"

நசீர் சிரித்தபடி டேஷ்போர்டைப் பிரித்தார். காற்றை ஊதும் புளோயரைக் கழற்றியதும், அந்தக் காற்றைக் குளிர வைக்கும் கூலிங் காயில் தெரிந்தது. உமியும் வேர்க்கடலைத் தோலும் தூசியும் ஈரத்தில் ஊறி, அதன் மேல் அடைபோல் அப்பியிருந்தன. எலி இல்லை. தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருந்தது. அந்த ஈரத்தில் அலுமினியத் தகடுகள் வெள்ளை பூத்து அரித்துப்போயிருந்தன. நாற்றத்துக்கு இந்த ஊறல்தான் காரணம் என்று முடிவு செய்தார். சாலையை அகலப்படுத்தும் வேலையில் எழுந்த புழுதி ஈரக் காயிலில் படியாமலிருக்க, இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் ஏற்றி, கதவுகளையும் சாத்தினார். கேபின் தரையில் மல்லாந்து படுத்து, சோப்புத் தண்ணீரை ஊற்றி, பிரஷ்ஷால் தேய்க்கத் தொடங்கினார்.

அடை பெயர்ந்து விழுந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தார். அப்போது காயிலின் கீழ் மூலையில் நுரை தானாகவே உப்பியது. உப்பி, உடைந்து, மறுபடியும் உப்பியது. கூடவே பாம்பு மூச்சு விடுவதுபோல் மெல்லிய சீறல் கேட்டது. அரித்திருந்த இடத்தில் பிரஷ் பட்டு ஓட்டை பெரிதாகிவிட்டது. கேஸ் போகிறது; வேறு ஒன்றுமில்லை என்று நினைத்தார். வண்டி ஏசியின் கேஸ் தீப்பிடிக்காது. வால்வில் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்க்க, வாளியைப் படியில் வைத்துவிட்டு இறங்கிப்போய், லாரியின் முன்பக்க மூடியைத் தூக்கினார்.

வால்வின் கழுத்தில் சிவப்புக் கயிறு இருந்தது. மூன்று சுற்று, இரட்டை முடிச்சு. அதன் மேல் குங்குமமும் மஞ்சளும் அப்பிக் காய்ந்திருந்தன.

நசீர் முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். "இது யாரு கட்டுனது?" என்று கேட்டார். கேட்டது தன் குரல்தானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது.

"அது வண்டி வாங்கும்போதே இருந்துச்சி பாய். இத மட்டும் அவுக்கவே கூடாதுன்னு பழைய ஓனரு சொன்னாரு. மலையில பூஜ பண்ண கயிறா இருக்கும்னு பாஞ்சால வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம குங்குமம் வெக்கிறா. அதுல இருந்து ஒரு ஆக்ஸிடன்ட் இல்ல தெரியுமா?"

"அவங்க எங்க?"

"வேல முடிஞ்சிதேன்னு படத்த கழுவி எடுத்துக்கினு வெக்க ஏறுனா."

நசீர் நிமிர்ந்தார். முன்கண்ணாடிக்குப் பின்னால் பாஞ்சாலை உட்கார்ந்திருந்தார். சாமி படம் பிரித்த டேஷ்போர்டின் மேல் சாய்ந்திருந்தது. காற்றில் சுடர் அணையக் கூடாதென்று கதவை உள்ளிருந்து சாத்தியிருந்தார். பித்தளைத் தட்டில் கற்பூரம் வெள்ளையாக இருந்தது. அவர் கையில் தீப்பெட்டி.

வேண்டாம் என்று கத்தினார். ஏற்றிய கண்ணாடிகளுக்குள் அது எட்டவில்லை. உள்ளங்கையால் கண்ணாடியை அறைந்தார். பாஞ்சாலை நிமிர்ந்து பார்த்து, ஒரு நிமிஷம் என்று விரலைக் காட்டிச் சிரித்துவிட்டு, குச்சியை உரசினார். படத்தைக் கழுவிய ஈரக் கை. குச்சியின் மருந்து பொடிந்து உதிர்ந்தது. அவர் குச்சியைப் பார்த்து முகம் சுளித்ததையும், அதைத் தூர வைத்ததையும், பெட்டியைத் திறந்து இன்னொன்றைத் தேடியதையும், கைவிரல்களை முந்தானையில் நன்றாகத் துடைத்துக்கொண்டதையும் நசீர் ஓடிக்கொண்டே பார்த்தார். லாரியின் முகப்பிலிருந்து கதவுக்கு எட்டு அடிதான். அந்த எட்டு அடியைத் தாம் இன்னும் ஓடி முடிக்கவில்லை என்று இப்போதும் நசீமாவிடம் சொல்வதுண்டு.

கதவை இழுத்துத் திறந்தார். படியில் இருந்த சோப்புத் தண்ணீர் வாளியை அப்படியே தூக்கி உள்ளே வீசினார்.

தீப்பெட்டி, கற்பூரம், சேலை, சாமி படம் எல்லாம் நனைந்தன. பாஞ்சாலை மூச்சு முட்டி உட்கார்ந்திருந்தார். அடுத்த நொடி மண்ணாங்கட்டியின் கை நசீரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தது.

"இன்னாய்யா பண்ற? பொம்பள மேல... சாமி மேல..."

எதிரே தேநீர்க் கடையில் நின்றிருந்த நான்கைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் சாலையைக் கடக்கத் தொடங்கினார். சாமி படத்தின் மேல் ஒரு பாய் தண்ணீரை வீசியது பார்ப்பவர்களுக்கு எப்படித் தோன்றும் என்பது நசீருக்கு அந்தக் கணத்தில் புரிந்தது. முதல் பயத்தின் மேல் இரண்டாவது பயம் ஏறிக்கொண்டது.

"எறக்குங்க. அவங்கள மொதல்ல எறக்குங்க. கேஸ் லீக் ஆவுது. தீப்புடிக்கும்."

மண்ணாங்கட்டி பிடியை விட்டார். மனைவியைக் கையைப் பற்றி இழுத்து இறக்கினார். நசீர் இரு கதவுகளையும் அகலத் திறந்து வைத்தார். கடையிலிருந்து வந்தவர் வாயில் பீடி இருப்பதைக் கண்டு, "கிட்ட வராதீங்க" என்று கும்பிட்டார். மூவரும் பக்கத்துக் காலிமனையின் ஓரம் வரை நடந்துபோய் நின்றார்கள்.

"ஏசி கேஸு தீப்புடிக்குமா பாய்?" என்று மண்ணாங்கட்டி கேட்டார்.

பிடிக்கும் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அவர்கள் நம்பியிருப்பார்கள், காப்பாற்றிய மனிதர் என்று காலத்துக்கும் சொல்லியிருப்பார்கள். நசீர் நனைந்த சேலையைப் பார்த்தார்.

"புடிக்காதுண்ணே. இதுல இருக்கறது ஏசி கேஸு இல்ல. சமைக்கிற கேஸு. ஏழு வருஷத்துக்கு முன்ன நான்தான் போட்டேன். நீங்க எலின்னு நெனச்ச நாத்தமும் அதுதான். அந்தக் கயிறு நான் கட்டுனது. எனக்கு அடையாளத்துக்கு."

"கோயில் கயிறு இல்லியா அது?" என்றார் பாஞ்சாலை.

"இல்லம்மா."

"பதினஞ்சு நாளா அதுக்கு முன்னால நெருப்பு காட்டிக்கினு இருந்தேன்." நனைந்த முந்தானையைப் பிழிந்தார். "மருமவ ஏழு மாசம். முந்தாநாளு ஆஸ்பத்திரிக்கு இதுலதான் இட்டுக்கினு போனோம். நடுவுல ஒக்கார வெச்சிக்கினு, நல்லபடியா பொறக்கணும்னு கற்பூரம் கொளுத்துனேன். அவுக்காதன்னு சொல்லத் தெரிஞ்சிதே, கேஸுன்னு ஒரு வார்த்த சொல்ல வாய் வரலியா ஒங்களுக்கு?"

மண்ணாங்கட்டி தரையில் குந்தினார். எமனைப் பற்றிக் காலையில் சொன்ன வேடிக்கையை அதன் பிறகு அவர் சொன்னதாகத் தெரியவில்லை.

சீறல் அடங்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. நசீர் மிச்சமிருந்ததை வெட்டவெளியில் போக விட்டு, காயிலையும் குழாய்களையும் முழுவதும் கழற்றி எடுத்தார். புதியது வரும் வரை கண்ணாடியை இறக்கிவிட்டே ஓட்டச் சொன்னார். கடைசியில் கயிறு மட்டும் பாக்கி. குங்குமம் பட்ட பொருளை அறுக்க அவருக்குக் கை எழவில்லை.

"அறுங்க. நீங்க கட்டுனது தானே" என்றார் பாஞ்சாலை. அறுத்துக் கொடுத்ததை அவர் வாங்கவில்லை. "நீங்களே வெச்சிக்குங்க. இன்னும் எத்தினி கட்டி வெச்சிருக்கீங்க?"

"மூணு."

அன்று மாலையே தேடத் தொடங்கினார். ஒரு லாரி போளூரில் கிடைத்தது. அதன் ஏசி எப்போதோ செத்துக் காலியாக இருந்தது. இன்னொன்று உடைத்து இரும்புக்குப் போய்விட்டது. நான்காவது, கைமாறிக் கைமாறி, சாயமும் மாறி, எங்கே ஓடுகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. அதன் பதிவு எண்ணைக்கூட அவர் எழுதி வைத்திருக்கவில்லை.

பௌர்ணமி நாள்களில் கிரிவலத்துக்காக லாரிகளை ஊருக்கு வெளியே நிறுத்திவைக்கிறார்கள். வரிசை நீளமாக இருக்கும். நசீர் அந்த வரிசையோடு நடக்கிறார். இந்த ஊர் வழியாகப் போகிற எந்த லாரியின் முகத்தில்தான் சிவப்புக் கயிறு இல்லை? பம்பரில், கண்ணாடியில், விளக்கின் கம்பியில், எலுமிச்சம்பழத்தோடு, மிளகாயோடு. ஒவ்வொன்றும் தூரத்திலிருந்து அவருக்குத் தான் கட்டிய கயிறாகவே தெரிகிறது. ஓட்டுநர்கள் வண்டியடியில் அடுப்பு மூட்டிச் சோறாக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

"அண்ணே, முன்மூடியத் தூக்கிக் காட்டுறீங்களா? ஏசி வால்வுல ஒரு கயிறு இருக்குதான்னு பாக்கணும்."

"இன்னா கயிறு பாய்? மந்திரிச்சதா?"

"மந்திரிச்சது இல்லண்ணே. மொதல்ல அந்த அடுப்ப அணைங்க, சொல்றேன். கயிறு இருந்தா, அந்த வண்டி ஏசியில சமைக்கிற கேஸு இருக்கு. நான் போட்டது."

சிலர் சிரிக்கிறார்கள். சிலர் திட்டுகிறார்கள். அடுப்பை அணைத்துவிட்டு ஒருவர் எழுந்து வந்து மூடியில் கை வைக்கும்போது, நசீர் சட்டைப் பையிலிருக்கும் அறுந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி நிற்கிறார்.