நுமாதா கொடுத்த ஸ்கோப்

கிழ வேட்டைக்காரர் நுமாதா ஊரைவிட்டுப் போனது முதல் பனி விழுந்த அன்று. முழங்கால் ஒத்துழைக்காததால் சப்போரோவில் மகள் வீட்டோடு இருக்க முடிவெடுத்திருந்தார். பஸ் வந்து நின்றதும் துப்பாக்கி மேல் மாட்டிக் குறிபார்க்கும் தொலைநோக்கியைச் சுற்றிய ஒரு துணிப்பொதியை என் சித்தியின் கையில் திணித்தார்.

“துப்பாக்கிய போலீஸ்ல ஒப்படைச்சுட்டேன். ஸ்கோப்ப யாரும் கேக்கல. நீ வச்சுக்க.”

“ஐயோ நுமாதா-சான், இவ்ளோ ஒசத்தியானது எனக்கு எதுக்கு?”

“வாய மூடிட்டு வாங்கு யசுயோ. டிரைவர் மொறைக்கிறான் பாரு.”

சித்தி யசுயோ பால்பண்ணைக்காரி. காலைக் கறவை முடிந்ததும், மாட்டுத் தீவனத்தைத் தின்ன இறங்கும் மான்களைச் சுடப் போவாள். பத்து வருடம் சாதாரண வேட்டைத் துப்பாக்கி வைத்திருந்த பிறகுதான் எங்கள் நாட்டில் ரைஃபிள் அனுமதி கிடைக்கும். அவளுக்கு அந்த இலையுதிர் காலத்தில்தான் கிடைத்தது. குஷிரோவில் ஒரு கடையில் அதற்குச் சின்னதாக, உருப்பெருக்கம் குறைந்த ஸ்கோப் ஒன்றைப் பார்த்தும் வைத்திருந்தாள். நுமாதா, மேய்ச்சல் நிலத்தின் ஓரம் படுத்துத் தூரத்து மானைச் சுட்டவர். அவருடைய ஸ்கோப் நீளம், கனம், உருப்பெருக்கமும் அதிகம். சித்தி சுடுவது காட்டுக்குள், கிட்டத்தில்.

ஆனாலும் அதையே பொருத்தினாள். பிரியும்போது ஒருவர் தந்ததைப் பெட்டியில் பூட்டி வைத்தால் அவரையே பூட்டி வைத்த மாதிரி. வேட்டைச் சங்கத்தார் வண்டி ஜன்னலில் எட்டிப் பார்த்து, “ஓ, நுமாதாவோடது! குடுத்து வச்சவ நீ” என்பார்கள். அவள் தலைகுனிந்து நன்றி சொல்வாள்.

அந்தக் குளிர்காலம் நானும் வண்டியில் இருந்தேன். பல வருடம் ஊர் ஊராகத் திரிந்துவிட்டு வந்தவளுக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. சித்தி ஹீட்டர் போட விடமாட்டாள். வெளியே குளிர்ந்த ஸ்கோப் கண்ணாடி வண்டிச் சூட்டில் வேர்த்து, மறுபடி இறங்கும்போது உறைந்துவிடும். அதனால் ஜன்னலைத் திறந்தே வைத்துக்கொண்டு காட்டுப்பாதையில் ஊர்ந்தோம்.

“நீ போன ஊர்லெல்லாம் இப்படியா விறைச்ச?”

“காசு குடுத்து விறைச்சேன் சித்தி.”

ஜனவரியில் ஒருநாள் பெண்மான் ஒன்று பக்கத்திலேயே நின்றது. சித்தி இறங்கி, பாதையை விட்டு விலகி, குண்டு போட்டுக் குறிபார்த்தாள். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகுதான் சுட்டாள். மான் பின்னங்காலை இழுத்துக்கொண்டு மூங்கில் புல்லுக்குள் நுழைந்தது.

“கண்ணாடி முழுக்க வெறும் மயிர்டீ. தோளா தொடையான்னே தெரியல.”

ரத்தத்தைப் பார்த்துப் பார்த்து ஏறினோம். மேலே உறைபனி நொறுங்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. சூரியன் இறங்கிவிட்டது. அதற்குமேல் சுட அனுமதி இல்லை. உயிரோடு விட்டுவிட்டுத் திரும்பினோம். மறுநாள் போனபோது கழுகுகள் தின்று முடித்திருந்தன. சித்தி பனியில் உட்கார்ந்துவிட்டாள்.

“இன்னொண்ணு இப்படி ஆச்சுன்னா நானும் துப்பாக்கிய ஒப்படைச்சுடுவேன். என்னால முடியல.”

“அந்த ஸ்கோப்பக் கழட்டிடு சித்தி.”

“புது வருஷத்துக்கு நுமாதா-சான் ஃபோன் பண்ணி எப்படி இருக்குன்னு கேட்டார். பிரமாதம்னு சொல்லித் தொலைச்சுட்டேனே.”

“கழட்டினதச் சொல்லாத.”

“நான் சொல்லலேன்னா? சங்கத்துல அத்தன பேருக்கும் வாய் இருக்கு.”

இரண்டு வாரம் அவள் வண்டியையே எடுக்கவில்லை. மான்கள் தீவனக் கட்டுகளின் பிளாஸ்டிக் உறைகளைக் கிழித்தன. கடைசியில் குஷிரோவுக்குப் போனோம். கடைக்காரர் இகேபே பெரிய ஸ்கோப்பைத்தான் முதலில் எடுத்து வைத்தார்.

“இதுல பாத்தா மான் கண்ணுல இருக்கற பீளை கூடத் தெரியும்.”

“பீளையப் பாத்து நான் என்ன பண்ண? அந்தச் சின்னதக் குடுங்க.”

அவர் அதை ரைஃபிளில் பொருத்திக் கொடுத்தார். சித்தி கண்ணை மூடிக்கொண்டு, கடையின் வெற்றுச்சுவரை நோக்கித் துப்பாக்கியைத் தோளில் ஏந்தினாள். கண்ணைத் திறந்தாள். இறக்கினாள். மறுபடி மூடி, ஏந்தி, திறந்தாள். ஒவ்வொரு முறையும் கழுத்தை நீட்டாமலே வட்டம் முழுதாகத் தெரிந்ததாம். “இதான்” என்றாள். குரலில் சந்தோஷம் இல்லை, அலுப்புதான்.

இலக்கு மைதானத்தில் சுட்டுச் சரிபார்த்த பிறகு காட்டுக்குப் போனோம். ஊசியிலை ஃபிர் மரங்களுக்கு நடுவே ஒரு ஆண்மான். தலையிலிருந்து வால்வரை தெரிந்தது என்றாள். ஒரே குண்டு. நின்ற இடத்திலேயே சரிந்தது. கைகூப்பிவிட்டு, அதன் பக்கத்தில் குந்திக் கத்தியை எடுத்தாள். துப்பாக்கியை ஒப்படைக்கும் பேச்சை அதற்குப்பின் அவள் எடுக்கவில்லை. நுமாதாவை ஃபோனில் அழைக்கவும் இல்லை. ஃபோன் அடித்தாலே பெயரைப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பாள்.

ஜூலையில், புல் அறுக்கும் நாட்களில், அவள் ஃபோனுக்குச் சப்போரோவிலிருந்து ஒரு செய்தி வந்தது. கை முழுக்க எண்ணெய் என்பதால் என்னைப் படிக்கச் சொன்னாள்.

“கழட்டிட்டியாமே. சங்கத்துல மூணு பேரு தனித்தனியாச் சொல்லிட்டானுங்க. அதுக்கு ஏண்டி ஒளியற? இங்க எட்டாவது மாடி. எதிர்க் கட்டடத்துல காக்கா கூடு கட்டியிருக்கு, எத்தன குஞ்சுன்னு தெரியல. அந்த ஸ்கோப்பத் தபால்ல அனுப்பு.”