அடைக்கு வைத்த வெண்ணெய்

நல்லெண்ணெயில் குங்கிலியம் உருகும் வாசனையில் கோயில் பாதி இருக்கும், எண்ணெய்ச் செக்கு பாதி இருக்கும். எழுபதுகளின் கடைசியில், விளாங்குடியில் எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைகள் அந்த வாசனையோடுதான் விடிந்தன. சிம்மக்கல்லில் தையல்கடை வைத்திருந்த அப்பா, அங்கே நாட்டு மருந்துக் கடையில் வெள்ளைக் குங்கிலியமாகப் பொறுக்கி வாங்கிவந்து, அந்த மரப்பிசினை இடித்துச் சலித்து, எண்ணெயில் உருக்கி, அகலச் சட்டித் தண்ணீரில் வடித்து, கையால் அடித்து அடித்துக் கழுவுவார். தண்ணீரை மாற்றி மாற்றிக் கழுவக் கழுவ அது வெள்ளை வெளேரென்று திரண்டு வரும். பீங்கான் சாடியில் தண்ணீருக்குள் போட்டு வைத்துவிட்டால், தயிர் கடைந்து எடுத்ததா, அடுப்பில் உருக்கி எடுத்ததா என்று அம்மாவே தடுமாறுவாள்.

அம்மாவின் பித்தவெடிப்புக்கும் நான் சுட்டுக்கொண்ட விரலுக்கும் அதைத்தான் தடவினோம். ஆனால் அது எங்கள் வீட்டுக்குள் வந்த காரணம் வேறு. நாள் முழுக்கத் தையல் மெஷினில் உட்கார்ந்தே இருந்த அப்பாவுக்கு மூலம். அந்தச் சொல்லை அவர் வாயால் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. வைத்தியரிடமே "கொஞ்சம் சூட்டு உடம்பு" என்றுதான் சொல்லுவார். ஆகவே குங்கிலிய வெண்ணெய் என்கிற அந்த மருந்துக்கு எங்கள் வீட்டில் வெறும் "வெண்ணெய்" என்று பெயர். தின்கிற வெண்ணெய்க்குப் "பால்வெண்ணெய்" என்று பெயர். பத்து வயதில் எனக்கு இந்த அகராதி தலைகீழ்ப் பாடம்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாகமலை புதுக்கோட்டையிலிருந்து மாப்பிள்ளையும் அவருடைய தாய்மாமனும் அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். அதற்கு முன் வந்த மூன்று இடமும் காப்பியோடு எழுந்து போயிருந்தன. இவர்கள் பலகாரம் சாப்பிடச் சம்மதித்ததிலேயே அம்மாவுக்குப் பாதிக் கல்யாணம் முடிந்துவிட்டது. ஜன்னல் வழியாக மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்த அக்கா என் காதில், "இதுவும் போச்சுன்னா இனிமே யாரு முன்னாடியும் வந்து நிக்க மாட்டேன்டி" என்றாள்.

இலையில் சூடாக அடை விழுந்தது. விருந்தாளிகள் காதில் விழும்படி அம்மா கௌரவமாக, "வெண்ணெய எடுத்துட்டு வாத்தா" என்றாள். வெண்ணெய் என்றால் வெண்ணெய்தானே. பீங்கான் சாடியைத் தூக்கிவந்து, கஞ்சத்தனம் பார்க்காமல் இருவருக்கும் எலுமிச்சையளவு வைத்தேன்.

மாப்பிள்ளை தலை நிமிராமல் தின்றுகொண்டிருந்தார். மாமன் இரண்டாவது வாயில் நிறுத்தி, மோந்து பார்த்தார். முகம் கறுத்தது. பெண் வீட்டில் சாப்பாட்டில் மருந்து வைத்து மாப்பிள்ளையை மயக்கிவிடுவார்கள் என்ற பயம் அந்தக் காலத்து மாமன்களுக்கு நிரம்ப உண்டு. இலையை மடித்துவிட்டு எழுந்தார்.

"எந்திரிடா. மருந்து வைக்கிற வீட்ல நமக்கென்ன வேல?"

அம்மா சாடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள். கதவுக்குப் பின்னால் அக்கா அழுவது கேட்டது. அப்பா நினைத்திருந்தால் வெண்ணெய் கெட்டுப்போய்விட்டது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அவருக்குப் பொய் சட்டென்று வராது. வாசலில் குறுக்கே நின்றார்.

"மருந்துதாண்ணே. ஆனா மாப்ளைக்கு வச்சதில்ல, எனக்குள்ளது. எனக்கு மூலம்."

எட்டு வருடமாக மென்று விழுங்கிய சொல். சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மாமன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மாப்பிள்ளையை வெளியே போய் நிற்கச் சொல்லிவிட்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்தாற்போல, மெதுவாகத் திரும்ப உட்கார்ந்தார்.

"மருந்து கேக்குதாண்ணே?" என்றார்.

ஆவணியில் கல்யாணம். பந்தலில் மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் ஒவ்வொருவராக அப்பாவை ஓரமாகக் கூட்டிப்போய்க் குசுகுசுத்தார்கள். அடுத்த வாரத்திலிருந்து அப்பா பெரிய சட்டிக்கு மாறினார்.

இப்போது அந்த மருந்தெல்லாம் டியூபில் வருகிறது. நோயின் பெயரைத் தொலைக்காட்சி சாப்பாட்டு நேரத்தில் உரக்கச் சொல்கிறது. நோயுள்ளவர்தான் தெரியாத கடையாகத் தேடிப்போய் வாங்கிச் சட்டைப்பையில் ஒளிக்கிறார். குங்கிலியம் இடிக்க எங்கள் வீட்டில் உரல்கூட இல்லை.

அப்பா இறந்த அன்று நாகமலை புதுக்கோட்டையிலிருந்து ஒரு வேன் நிறையப் பெரியவர்கள் வந்து இறங்கி, கூடப்பிறந்தவர் போனதுபோல் அழுதார்கள். இவர்களெல்லாம் என்ன முறை என்று என் கணவர் கேட்டார். தூரத்துச் சொந்தம் என்று சொல்லிவைத்தேன். இன்றுவரை அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை. அப்பாவுக்கு இருந்த தைரியம் எனக்கில்லை.