மெதுவாக இறங்கிய கை

சவரிமுத்து அண்ணன் போய்விட்ட செய்தியை அவருடைய மைத்துனர் ஜெலுத்தோங்கிலிருந்து சைக்கிளில் கொண்டுவந்தார். கிடங்கு வாசலில் நின்றபடியே, "விடியக்காலையில இளைப்பு வந்துச்சு. இந்தத் தடவ அடங்கல," என்றார். எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை, பயம். என் மனைவி பாக்கியத்துக்கும் அதே இளைப்புதான். மூச்சை எப்படி விடுவது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவரே மூச்சு முட்டிப் போனார் என்றால், அவள் கதி என்ன?

கிடங்கில் எங்களோடு இருந்தவர்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பினாங்குத் துறைமுகத்தில் மூட்டைகளுக்குக் கணக்கு வைக்கும் கிராணி அவர். நானும் பக்கத்து மேசைக் கிராணி. மிளகுத் தூசியும் கொப்பரை வாடையும் இளைப்புக்காரனுக்கு எமன். அவர் அந்த எமனோடுதான் காலமெல்லாம் குடித்தனம் நடத்தினார். யாரையும் அதட்டியதில்லை. இவ்வளவு பொறுமை எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் கேட்டேன்.

"பொறுமையெல்லாம் இல்ல தம்பி. என்கிட்ட இருக்கிற மூச்சே கொஞ்சம். அதைப் போய்த் திட்டறதுக்கா செலவழிக்கிறது?" என்று சிரித்தார்.

சுமை தூக்குபவர்கள் இருவர் மூட்டையில் மாட்டி இழுக்கும் இரும்புக் கொக்கியை ஓங்கிக்கொண்டு நின்ற நாளை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். யார் வரிசையை யார் மீறியது என்று தொடங்கிய சண்டை அது. நான் மேசைக்கு அந்தப் பக்கம் பதுங்கிவிட்டேன்; வீரத்துக்கும் எனக்கும் வெகுதூரம். அண்ணன் மட்டும் எழுந்து போய் இருவருக்கும் நடுவில் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தார். நெஞ்சு விசிலடித்தது. கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக மூச்சை விட்டார், மறுபடி விட்டார். அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கிடங்கே அடங்கியது. ஓங்கிய கொக்கியைக் கீழே போட்டுவிட்டு ஒருவன் அவர் முதுகைத் தடவத் தொடங்கினான். மற்றவன் ஓடிப்போய்க் கோப்பி வாங்கி வந்தான். "நடிச்சீங்களாண்ணே?" என்று பிறகு கேட்டேன். "நடிக்கிற நிலமையிலயா இருந்தேன்? எனக்கும் பயம்தான்லா. பயந்த நெஞ்சோட பேசினா வாயில சண்டைதான் வரும். அதான் பேசல," என்றார்.

பாக்கியத்துக்குப் பெரிய இளைப்பு முதன்முதலாக வந்தது, மழை விட்ட ஒரு சாயங்காலம். கண் பட்டுவிட்டது என்று நானே முடிவுகட்டினேன். உப்பையும் காய்ந்த மிளகாயையும் அவளுக்குச் சுற்றி அடுப்பில் போட்டேன். நெடி வராவிட்டால் திருஷ்டி என்பார்கள். அன்று கிளம்பிய நெடியில் பக்கத்து வீட்டுக் கோழிகூடத் தும்மியிருக்கும். அவளுக்கு உதடு நீலம் பாய்ந்தது. நானோ, "மழையில நனையாதேன்னு எத்தன தடவ சொல்றது!" என்று கத்திக்கொண்டிருந்தேன்.

அக்கம்பக்கத்தார் போய் அண்ணனை அழைத்து வந்தார்கள். புகைக்குள் வரமுடியாமல் அவரும் வாசலிலேயே இருமினார். "அடுப்ப அணைச்சிட்டு அவங்கள வெளிய கூட்டி வா!" என்றார். படியில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள், மூச்சுக்குத் தவிக்கும் இரண்டு பேர். அவர் உள்ளங்கையைத் தம் நெஞ்சளவுக்கு உயர்த்தி, மூச்சை விட்டபடியே மெதுவாக இறக்கினார். "இழுக்கறதப் பத்திக் கவலப்படாதம்மா. விடறத மெதுவா விடு. என் கையப் பாரு." அவள் பார்த்தாள். வெகுநேரம் கழித்து அவளுடைய தோள்கள் தணிந்தன.

பிறகு என்னைத் தனியே அழைத்தார். "பயம் வந்தா உனக்குக் கோபம் வருது தம்பி. அவங்களுக்கு மூச்சுக்கே வழியில்ல, உனக்குப் பதில் வேற சொல்லணுமா? வாயத் திறக்கறதுக்கு முந்தி ஒரு தடவ நீ கைய இறக்கு." அன்றிலிருந்து கிடங்கில் எங்கள் மேலதிகாரியான துரை கத்தும்போதும் மேசைக்கடியில் என் கை இறங்கும். எத்தனையோ வார்த்தைகள் அப்படி வாய்க்குள்ளேயே நின்றுபோயின. பயம் மட்டும் போகவில்லை.

அடக்கம் முடிந்து கல்லறையிலிருந்து திரும்பும்போது, அவர் மனைவி செசிலி அக்காவிடம் கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டேன். "கடைசியில அந்த மூச்சு அவருக்குப் பலிக்கலையா அக்கா?"

அக்கா கோபப்படவில்லை. "பலிக்கறதுக்கு அது என்ன மந்திரமா தம்பி? நான் தலையில அடிச்சிட்டு அழுதேன். அவரால பேச முடியல. என்னையே பாத்துக் கைய இறக்கிட்டே இருந்தாரு. தனக்கில்ல, எனக்கு. நான் அடங்கற வரைக்கும் இறக்கினாரு."

வீடு வந்து சேர்ந்தபோது, அழுது அழுது பாக்கியத்துக்கு இளைப்பு கண்டிருந்தது. "அழாதேன்னு சொன்னேன்ல!" என்ற சத்தம் தொண்டை வரை வந்தது. விழுங்கினேன். எதிரே உட்கார்ந்து கையை உயர்த்தினேன். "அண்ணனுக்கே இப்படின்னா, எனக்கு?" என்று திக்கித் திணறிக் கேட்டாள். உயர்த்திய கையை இறக்கினேன்.

அண்ணனிடமிருந்து நான் வைத்திருப்பது அந்தக் கை ஒன்றுதான். அன்று அதுவும் சரியாக வரவில்லை. வேகவேகமாக இறங்கியது. பாக்கியம் அதைப் பார்த்தாள். அந்த இளைப்பிலும் என் மணிக்கட்டைப் பிடித்துத் தன் நெஞ்சளவுக்கு உயர்த்தி, மெதுவாக, மிக மெதுவாக, எனக்காக இறக்கினாள்.