கதவில் குறைத்த எடை

மோதலைத் தாங்க என் கார்க் கதவுக்குள் இருந்த இரும்புத் தண்டை அறுத்து எடுத்தது நீதான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அது இரண்டு கதவுள்ள பழைய ஸ்போர்ட்ஸ் கார். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பந்தயத் தளத்தில் ஓட்டுவதற்காக வாங்கினேன். வார நாட்களில் அதே காரில்தான் என் மனைவியைக் காட்டுப்பாக்கத்திலிருந்து பூந்தமல்லிக்குக் கூட்டிப்போய் கம்பெனி பஸ்ஸில் ஏற்றிவிடுவேன். உனக்கு இது தெரியும். அம்பத்தூர் எஸ்டேட்டில் உன் ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விட்ட அன்றே சொன்னேன்: எதை வேண்டுமானாலும் கழற்று, கதவில் கை வைக்காதே.

வண்டி வேகமெடுக்க எஞ்சினை நோண்டுவதைவிட எடையைக் குறைப்பதுதான் நல்லது என்றாய். அது சரிதான். பின் சீட், கார்பெட், ஸ்டெப்னி, ஏசி எல்லாம் போயின. சத்தம் கேட்காமலிருக்கத் தரையில் ஒட்டியிருந்த தார் ஷீட்டை நானே உளியால் சுரண்டினேன். வண்டி வளைவில் சொன்னபடி திரும்பியது. பிரேக் சட்டென்று பிடித்தது.

எடை பார்க்க நமக்கு இருந்தது லாரி எடைமேடைதான். அது பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும். ஒரு ஞாயிறு முழுக்க கிளிப், பிராக்கெட், ஒயர் என்று பொறுக்கி எடுத்துவிட்டுப் போய் ஏற்றினோம். நம்பர் அசையவில்லை. உன் கூட்டாளிகள் உன்னைக் கிண்டலடிக்காமல் விடவில்லை.

"இன்னா மாமே, நாள் பூரா கயட்டிகினு இருந்தே, ஒண்ணும் கொறயலியே?"

"வண்டிய உடு. ஓனரு தொப்பைய கயட்டு, நம்பரு தானா எறங்கும்."

நானும் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. அடுத்த வாரம் நம்பர் இறங்கியது. சின்ன பேட்டரி போட்டேன் என்றாய். நம்பினேன்.

போன மாதம் காட்டுப்பாக்கத்தில், சந்திலிருந்து வந்த லோடு வேன் இடது கதவில் மோதியது. பெரிய வேகம்கூட இல்லை. கதவு அப்பளம்போல் நொறுங்கி உள்ளே வந்தது. அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த என் மனைவிக்கு இடுப்பெலும்பு முறிந்தது. இப்போது வாக்கர் பிடித்துத்தான் பாத்ரூமுக்குப் போகிறாள்.

கதவைப் பிரித்தபோது தண்டை அறுத்த முனைகள் தெரிந்தன. அதன்மேல் கறுப்புப் பெயின்ட் வேறு அடித்திருந்தாய். போனில் கேட்டேன்.

"ரேஸு வண்டின்னா அப்டித்தான் அண்ணாத்தே. அல்லாரும் எடுக்குறதுதான். ஊட்டாண்ட வரேன், பேசிக்கலாம்."

தண்டை எடுக்கிறவர்கள் வண்டிக்குள்ளே இரும்புக் கூண்டு கட்டுகிறார்கள், கதவுக்குக் குறுக்கே குழாய் போடுகிறார்கள். நீ என்ன போட்டாய்? எடைமேடையில் நம்பர் இறங்க வேண்டும், அவ்வளவுதான் உனக்கு.

வீட்டுக்கு வராதே. உன்னிடம் எடை குறைத்த வண்டிகள் ஆவடியிலும் அம்பத்தூரிலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் யாருடைய மனைவியோ பிள்ளையோ உட்கார்ந்து போகிறார்கள். இந்த ஞாயிறு வண்டிக்காரர்கள் எல்லோரும் தளத்தில் கூடுவார்கள். அவர்கள் முன்னால் நின்று சொல்: யார் யார் வண்டிக் கதவில் தண்டு இல்லை?