டெல்னா கையில் மூன்று பாஸ்வேர்டு

சாலக்குடி பஸ் கண்டக்டர்களுக்குப் பள்ளிப் பிள்ளைகள் என்றாலே வேப்பங்காய். கன்செஷன் டிக்கெட் என்பதால், முழுக் காசு கொடுக்கிறவர்கள் எல்லாம் ஏறி உட்கார்ந்து, டபுள் பெல் அடிப்பதற்குச் சற்று முன்னால்தான் எங்களை உள்ளே விடுவார்கள். அதுவரை வெயிலில் வரிசையாக நிற்க வேண்டும். டெல்னா மட்டும் நிற்க மாட்டாள். நேராகப் படிக்கட்டுக்குப் போய், "சேட்டா, இன்னிக்குச் சட்டை தேச்சிருக்கே. கோவிச்சுக்கிட்டுப் போன சேச்சி திரும்பி வந்துட்டாங்களா?" என்று கேட்பாள். கண்டக்டர் சிரித்துவிடுவார். அவர் சிரித்து முடிப்பதற்குள் நாங்கள் நாலு பேரும் பஸ்ஸுக்குள் இருப்போம்.

நான் ரோஸ்மி. மற்ற இருவர் நிதாவும் வர்ஷாவும். பிளஸ் டூ சயன்ஸ், கன்னியாஸ்திரிகள் நடத்தும் பள்ளி, கடைசிக்கு முந்தின பெஞ்ச். எங்கள் நாலு பேரில் வாய் டெல்னாவுக்குத்தான் அதிகம், மனசும் அவளுக்குத்தான் பெரிது. என் பயாலஜி ரெக்கார்டில் இருக்கும் தவளை, கரப்பான்பூச்சி எல்லாம் அவள் வரைந்தவை. நிதாவின் டிபனில் பத்திரி வந்தால் முதல் கை டெல்னாவுடையதாக இருக்கும். ஆனால் தன் டிபனை முழுசாக எங்களிடம் தள்ளிவிட்டுத்தான் அந்தக் கையை நீட்டுவாள். முடியாது என்று அவள் சொல்லி நான் கேட்டதில்லை. அதை அப்போது ஒரு நல்ல குணமாக மட்டுமே பார்த்தோம்.

அவள் வீட்டில் அவளும், அப்பச்சன் என்று அவள் கூப்பிடும் அப்பாவும்தான். அப்பச்சனுக்கு ஓட்டுக் கம்பெனியில் சூளை வேலை. ஒரு நாளைக்கு மொத்தம் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அம்மா லூசி, டெல்னா ஒன்பதாவது படிக்கும்போது இத்தாலிக்குப் போய்விட்டார். ரோமில் ஒரு வயதான அம்மாளைக் குளிப்பாட்டி, சோறூட்டி, மாத்திரை கொடுக்கும் வேலை. மகளை நர்ஸாக்க வேண்டும் என்பதற்காகவே போனது. "நீ நர்ஸிங் முடிச்சு வேலைக்குப் போற அன்னிக்கு நான் பெட்டியக் கட்டிடுவேன்" என்று லூசி ஆன்ட்டி சொல்லியிருந்தார். டெல்னாவும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எங்களுக்கு ஆளுக்கொரு கனவு வாரத்துக்கொரு முறை மாறும். அவளுக்கு மாறவே இல்லை. பிளஸ் ஒன்னில் கெமிஸ்ட்ரியில் அவளுக்கு பி ப்ளஸ். எனக்கு பி.

எங்களுக்குப் படிப்பைவிடப் பெரிய காரியம் ஒன்று இருந்தது, ஸ்ட்ரீக். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அந்த மஞ்சள் ஆப்பில் நான் உனக்கு ஒரு படம் அனுப்ப வேண்டும், நீ எனக்கு ஒன்று அனுப்ப வேண்டும். ஒரு நாள் விடாமல் நடந்தால் பெயருக்குப் பக்கத்தில் தீ எரியும், எத்தனை நாள் என்ற எண் ஏறும். ஒரே ஒரு நாள் தவறினால் தீயும் போச்சு, எண்ணும் போச்சு. எனக்கு நிதாவோடு நானூற்றுச் சொச்சம். நிதாவுக்குத் தோஹாவில் இருக்கும் சித்தப்பா மகளோடு அறுநூறுக்கு மேல். வர்ஷாவின் பட்டியலில் மட்டும் இருபது பேர். அந்த எண்ணைச் சொல்லும்போது எங்களுக்கு இருந்த பெருமையை நினைத்தால் இப்போது என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. ஆனாலும் அந்த நாட்கள்மீது எனக்கு ஆசை போகவில்லை.

முதலில் உண்மையான படங்கள்தான் அனுப்பினோம். மழையில் நனைந்த செருப்பு, கப்பைக் கிழங்கும் மீன் குழம்பும், ஃபிசிக்ஸ் சிஸ்டரின் முதுகு, சர்ச் அம்புப் பெருநாளில் வாங்கிய ரிப்பன். டெல்னா அனுப்பும் படங்களில் அப்பச்சனின் கால் பெருவிரல் எங்காவது ஒரு மூலையில் இருக்கும். சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். பார்த்தவுடன் மறைந்துவிடும் படங்கள் அவை. அதனால் அந்த இரண்டு வருடத்துக்கு இன்று எங்களிடம் ஒரு படம்கூட இல்லை. போகப் போக எண்தான் முக்கியமாயிற்று. மேலே ஓடும் ஃபேனைப் படம் எடுத்து ஒரே தட்டில் எல்லாருக்கும் அனுப்பிவிடுவோம்.

பிப்ரவரியில் மாடல் எக்ஸாம் மார்க் வந்தது. மூன்று வீடுகளிலும் இடி விழுந்தது. என் அம்மா என் ஃபோனை அரிசி டிரம்முக்குள் புதைத்தார். நிதாவின் அப்பா, அவள் உப்பா என்பாள், தன்னுடைய ஹார்டுவேர் கடைக்கு எடுத்துப்போய்க் கல்லாவில் வைத்துப் பூட்டினார். வர்ஷாவின் அம்மா நகையோடு சேர்த்து பேங்க் லாக்கரில் வைத்துவிட்டதாகச் சொன்னார். உண்மையோ பொய்யோ, அவள் இரண்டு நாள் சாப்பிடவில்லை. டெல்னாவின் ஃபோனை மட்டும் யாரும் தொடவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு, அந்த இத்தாலிக் கிழவி மதியத் தூக்கம் தூங்கும் நேரத்தில், லூசி ஆன்ட்டி அதில்தான் வருவார்.

பள்ளிக்கு எதிரே இருந்த பேக்கரியில் வைத்து நாங்கள் மூவரும் பாஸ்வேர்டை அவளிடம் கொடுத்தோம். இது எங்கள் ஊரில் எல்லாப் பிள்ளைகளும் செய்வதுதான். பரீட்சைக் காலத்தில் ஃபோன் வைத்திருக்கிறவள், இல்லாதவளின் கணக்கில் நுழைந்து தீ அணையாமல் பார்த்துக்கொள்வாள். ஒருத்திக்கு ஒருத்தி என்பதுதான் வழக்கம். நாங்கள் மூன்று பேர் ஒருத்தி தலையில் ஏறி உட்கார்ந்தோம்.

டெல்னா கெமிஸ்ட்ரி நோட்டின் பின் அட்டையில் எழுதிக்கொண்டாள். வர்ஷாவுடையதைக் கேட்டதும் பேனா நின்றது.

"யாருடி இந்த அகில்?"

"எங்க வீட்டு நாய்க்குட்டி பேரு."

"உங்க வீட்ல ஏதுடி நாய்? டியூஷனுக்கு பைக்ல வர்றதே, அந்தக் குட்டியா?"

வர்ஷா பப்ஸை அவள் வாயில் திணித்தாள். நிதா மட்டும் கொஞ்சம் கவலையோடு, "தோஹாவுக்கு மட்டும் மறந்துடாதடி. அவ என்னைக் கொன்னுடுவா" என்றாள்.

"மூணு பேருக்கும் நான் இருக்கேன். நீங்க போய் ஏ ப்ளஸ் வாங்கற வழியப் பாருங்க" என்றாள் டெல்னா. வாய் நிறைய பப்ஸ்.

அடுத்த ஐந்து வாரம் நான் படித்ததுபோல் என் வாழ்நாளில் படித்ததில்லை. ஃபோன் இல்லாத நாள் எவ்வளவு நீளம் என்று அப்போதுதான் தெரிந்தது. மாங்காயை உப்பு மிளகாயோடு கடித்துக்கொண்டே ஃபிசிக்ஸை மூன்று தரம் முடித்தேன். அந்த நேரமெல்லாம் டெல்னா என்ன செய்துகொண்டிருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது. தன் கணக்கிலிருந்து வெளியே வந்து என்னுடையதில் நுழைவாள். பதினைந்து பேருக்கு அனுப்புவாள். பிறகு நிதா, பிறகு வர்ஷா. படம் அனுப்பினால் ஆட்கள் பேசவும் செய்வார்களே. பதில் போடாவிட்டால் கோபித்துக்கொள்வார்களே. அதனால் தோஹாக்காரியிடம் நிதாவாகப் பேசினாள். என் மாமன் மகளிடம் ரோஸ்மியாகக் குறைபட்டுக்கொண்டாள். எனக்கும் நிதாவுக்கும் நடுவே எரிந்த தீயை, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அவள் ஒருத்தியே நின்று எரியவிட்டாள். நாங்கள் இரண்டு பேரும் அதில் இல்லவே இல்லை.

மார்ச்சில் பரீட்சை தொடங்கியது. பள்ளி வாசலில் அவளைப் பார்த்ததும் மூவரும் கேட்ட முதல் கேள்வி, "இருக்கா?" அவள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவாள். நிம்மதியாக ஹாலுக்குள் போவோம்.

கெமிஸ்ட்ரி அன்று காலையில் அவள் கண் இரண்டும் சிவந்திருந்தன. "நேத்து உன்னோடது பூட்டிக்கிச்சு நிதா. ஒரே ஃபோன்லேர்ந்து பல பேர் வர்றாங்கன்னு உள்ளயே விடல. காலைலேர்ந்து போராடினேன். அப்புறம் பக்கத்து வீட்டு எல்சி சேச்சி ஃபோனை வாங்கி, அதுல போட்டுப் பார்த்து, சாயங்காலந்தான் தொறந்துச்சு. தோஹா பக்கத்துல மணல் கடிகாரம் வந்துடுச்சு, தெரியுமா. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா போயிருக்கும்."

நிதா அவளைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். பரீட்சை முடிந்ததும் அவளுக்கு எலுமிச்சை பிழிந்த சோடா நாரங்கா வாங்கித் தருவதாகச் சத்தியம் செய்தாள். நானும் கை தட்டினேன். மணி அடித்தது. கேள்வித்தாளைப் படித்துப் பார்க்கக் கொடுக்கும் பதினைந்து நிமிடத்தில், எனக்கு இரண்டு பெஞ்ச் முன்னால் டெல்னா தலையை டெஸ்க்கில் சாய்த்துப் படுத்திருந்தாள். தலைவலி போலிருக்கிறது என்று நினைத்துவிட்டு என் தாளைப் படித்தேன்.

கடைசிப் பரீட்சை முடிந்த அன்று மூன்று ஃபோன்களும் திரும்பி வந்தன. ஓர் எண்கூடக் குறையவில்லை. நிதாவும் வர்ஷாவும் என் வீட்டு முற்றத்தில் ஆட்டமே ஆடினார்கள். டெல்னாவின் பெயருக்குப் பக்கத்தில் மட்டும் எங்கள் மூவருக்கும் தீ இல்லை. எங்கள் கணக்குகளைக் காப்பாற்றும் அவசரத்தில் தன்னுடையதை எப்போதோ விட்டிருக்கிறாள். "பரவால்லடி, ஒண்ணுலேர்ந்து ஆரம்பிச்சுக்கலாம்" என்றாள். நாங்களும் பரவாயில்லை என்றுதான் விட்டோம்.

மே மாதம் ரிசல்ட் வந்தது. நிதாவுக்கு எல்லாவற்றிலும் ஏ ப்ளஸ். படிப்பைப் பற்றிக் கவலைப்படாத வர்ஷாவுக்கே நாலு ஏ. எனக்குக் கெமிஸ்ட்ரியில் ஏ. டெல்னாவுக்குக் கெமிஸ்ட்ரியில் டி. அதாவது ஃபெயில். மற்றவற்றில் ஏதோ கரையேறியிருந்தாள். ஜூனில், தோற்றவர்களுக்கு அதே வருடம் வைக்கும் சே பரீட்சையை எழுதி பாஸானாள், டி ப்ளஸ். ஆனால் மூன்று சயன்ஸ் பாடமும் சேர்ந்து ஐம்பது சதவீதம் வரவில்லை, நர்ஸிங் விண்ணப்பமே போட முடியாது. அந்த வருடம் நான் நர்ஸிங்கில் சேர்ந்தேன். எனக்கு நர்ஸ் ஆக வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. மார்க் இருந்தது, சேர்ந்தேன்.

டெல்னா திருச்சூரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் நின்றாள். ஒன்பது மணி நேரம் உட்காரக் கூடாத வேலை. அங்கேயும் எல்லாரையும் சிரிக்க வைத்தாள். நான் ஹாஸ்டலிலிருந்து வரும்போது போய்ப் பார்ப்பேன். "வாங்க சிஸ்டர், காலேஜ் பொண்ணுங்களுக்குப் புதுசா வந்திருக்கு" என்று கடைக் குரலில் அழைப்பாள். மூன்று வருடத்தில் லூசி ஆன்ட்டிக்கு முதுகெலும்பில் தட்டு விலகியது. கிழவியைத் தூக்கித் தூக்கி வந்த வினை. அவர் ஊர் திரும்பினார். அந்தக் குடும்பத்திலேயே இன்னொரு வயதானவருக்கு ஆள் வேண்டும் என்றார்கள். டெல்னா இத்தாலி பாஷை படித்துக்கொண்டு, அம்மா செய்த அதே வேலைக்கு ரோமுக்குப் போனாள்.

இந்த ஜனவரியில் பெருநாளுக்கு லீவில் வந்திருந்தாள். நான் நர்ஸ் வேலை பார்க்கும் கொச்சியிலிருந்து போனேன். கொஞ்சம் பூசினாற்போல் ஆகியிருந்தாள், வாய் குறையவே இல்லை. அடுப்படியில் டீ போட்டுக்கொண்டே தான் இப்போது பார்த்துக்கொள்ளும் ரோம் கிழவி கோபப்படுவதை நடித்துக் காட்டினாள். ஆறு வருடமாகத் தொண்டையில் வைத்திருந்ததை அங்கே வைத்துச் சொன்னேன். "நாங்க உன்னைக் கெடுத்துட்டோம்டி. மன்னிச்சுக்கோ."

"யாரு கெடுத்தா? எனக்கு அது பிடிச்சுதான் இருந்துச்சு. இந்த வீட்ல சத்தமே கிடையாது. உங்க கணக்குல போனா ஒருத்தி சித்தி வீட்டு சண்டை சொல்லுவா, ஒருத்தி சாப்டியான்னு கேப்பா. உங்க வீட்ல ஃபோனப் பிடுங்கினாங்கன்னு நீங்க அழுதீங்க. என் ஃபோனையும் பிடுங்க அம்மா பக்கத்துல இருக்கக் கூடாதான்னு எனக்கு எவ்வளவு ஆசையா இருந்துச்சு தெரியுமா. போ, போய் அம்மாகிட்ட உட்காரு. அச்சப்பம் எடுத்துட்டு வரேன்."

முன் அறைக்கு வந்தேன். லூசி ஆன்ட்டி முதுகில் பெல்ட் கட்டிக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருந்தார். என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"நீ நல்லா இருக்க மோளே. பார்க்கச் சந்தோஷமா இருக்கு. உங்களுக்கெல்லாம் பரீட்சை நேரத்துல அம்மா பக்கத்துல இருந்தாங்க. இவளுக்குத்தான் நான் இல்லாமப் போயிட்டேன்."

"அப்படியெல்லாம் இல்ல ஆன்ட்டி."

"அந்த மாசம் நான் ஆறு மணிக்குக் கூப்பிட்டா, 'படிக்கிறேன் அம்மா, ஞாயித்துக்கிழமை பேசலாம்'னு வச்சுடுவா. படிக்கிற பிள்ளையத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு நானும் ஞாயிறு மட்டுந்தான் கூப்பிட்டேன். மத்த நாளெல்லாம் கிழவி தூங்கற நேரத்துல ஃபோனைக் கையில வச்சுக்கிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பேன். அப்படிப் படிச்ச பிள்ளை ஏன் ஃபெயிலாச்சுன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல."

டெல்னா தட்டோடு வாசற்படியில் நின்றாள். வேண்டாம் என்று எனக்குக் கண்ணால் சொன்னாள். என்னால் முடியவில்லை. பேக்கரியில் ஆரம்பித்து, பூட்டிக்கொண்ட கணக்குவரை எல்லாவற்றையும் சொன்னேன். டெல்னா நடுவில், "ரோஸ்மி, போதும்டி" என்றாள். நான் நிறுத்தவில்லை.

லூசி ஆன்ட்டி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பிடித்த கையை விடாமலே கேட்டார்.

"அத்தனை நாள் பரீட்சைக்குப் போனீங்களே மோளே, மூணு பேர்ல ஒருத்தியாவது, 'நீ படிச்சியாடி'ன்னு இவகிட்ட கேக்கலையா?"

"இல்ல ஆன்ட்டி. ஒரு நாள்கூடக் கேக்கல" என்றேன்.