‘வீடு காலி’ என்று நான் எழுதிக் கொடுத்தது

ஐம்பதுகளின் கடைசியில், திண்டுக்கல்லில் வீட்டின் பேரில் கடன் கொடுக்கும் ஒரு சங்கத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். கடன் அடையாமல் சங்கத்தின் கைக்கு வந்துவிட்ட வீடுகளின் சாவிக்கொத்து என் பொறுப்பு. வாங்க யாராவது வந்தால் கூட்டிப்போய்த் திறந்து காட்ட வேண்டும். சுலபமான வேலை என்றுதான் நினைத்தேன். முதல் வாரமே ஒரு வீட்டைத் திறந்தால் உள்ளே வெயில் அடித்தது. பழைய சொந்தக்காரர் போகும்போது ஓடு, உத்தரம், சன்னல் எல்லாவற்றையும் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார். வாசற்கதவை மட்டும் எங்கள் பூட்டுக்காக விட்டுவைத்திருந்தார். இன்னொரு வீட்டில் ஊஞ்சல் சங்கிலியில் தேன்கூடு. பார்க்க வந்தவர் செருப்பை விட்டுவிட்டு ஓடினார். இதையெல்லாம் ஆபீசில் சொல்லிச் சிரித்திருக்கிறேன். வடமதுரை வீட்டைப் பற்றி மட்டும் வெகுகாலம் யாரிடமும் கதையாகச் சொன்னதில்லை.

திருச்சி ரோட்டிலிருந்து ஒரு மைல் உள்ளே தள்ளி, கத்தரிக்காட்டுக்கு நடுவில் தனியாக நின்ற வீடு அது. நடுவில் முற்றம், முற்றத்திலேயே கிணறு, ஆள் உயரத்துக்கும் மேலே மதில். நாங்கள் வீட்டைச் சுவாதீனம் எடுத்த அன்று, அதன் சொந்தக்காரரான சம்சாரி பாத்திரம் பண்டம், பெண்டாட்டி பிள்ளைகளோடு மாட்டுவண்டியில் ஏறிப் போனார். நான் முற்றத்தில் நின்று, “உள்ள யாராச்சும் இருக்கீகளா?” என்று ஒரு சத்தம் கொடுத்தேன். பதில் இல்லை. ஆசாரியை விட்டுப் பின்கதவில் ஆணியடித்து, முன்கதவைப் பூட்டி அரக்கு முத்திரை வைத்தோம். ‘வீடு காலி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பதினோராம் நாள், பேகம்பூரில் தோல் வியாபாரம் செய்யும் ஒருவர் மனைவியோடு குதிரைவண்டியில் வந்தார். டவுன் நெரிசல் போதும், சொந்தக் கிணற்றோடு வீடு வேண்டும் என்பது அந்த அம்மாவின் ஆசை. முத்திரை வைத்தபடியே இருந்தது. உடைத்துத் திறந்தேன். முற்றத்தைப் பெருமையாகக் காட்டிக்கொண்டிருந்தபோது வியாபாரி கிணற்றுக் கயிற்றைத் தொட்டுப் பார்த்தார்.

“தம்பி, பத்துப் பதினோரு நாளாப் பூட்டிக் கிடக்குன்னீங்க. கயிறு ஈரமா இருக்கே?”

தரையெல்லாம் கடலைத் தொலி கிடந்தது. திருடன் என்று நினைத்து ஒரு கம்பை எடுத்துக்கொண்டு, தானியம் போட்டுவைக்கும் அறைக் கதவைத் தள்ளினேன்.

ஆள் உயர மண்குதிரில் சாய்ந்து ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயது இருக்கலாம். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. பின்கதவைப் பிறாண்டிப் பிறாண்டி விரல் நகங்கள் பிய்ந்திருந்தன. என்னைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்குக் கம்பு கைநழுவியது. நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அந்த அம்மா துப்பட்டியைத் தோளில் தள்ளிக்கொண்டு என்னைத் தாண்டி ஓடினார்.

“யா அல்லா! பொம்பளப் புள்ளைய உள்ள போட்டுப் பூட்டியிருக்கீங்களே!” என்று கத்தினார். கணவரைப் பார்த்து, “வண்டியில பிளாஸ்க்ல பால் இருக்கு, எடுத்துட்டு வாங்க” என்றார். மூடியில் ஊற்றி, வாய் வாயாகப் புகட்டினார்.

பேச்சு வர வெகுநேரம் ஆயிற்று. அவள் அந்தச் சம்சாரியின் தங்கை. புருஷன் இறந்த பிறகு அண்ணன் வீட்டோடு இருந்தவள்.

“குஜிலியம்பாறையில பெரியண்ணன்கிட்ட போயிருன்னு சொல்லிட்டு சின்னண்ணன் கெளம்பிட்டாக. பெரியண்ணன் என்னைய வச்சுக்க முடியாதுன்னு போன வருசமே சொல்லிட்டாக. நான் எங்க போவேன்?”

“நான் கூப்பிட்டேனே, ஒனக்குக் கேக்கலையா?”

“கேட்டுச்சு. பதில் சொன்னா வெளிய போகச் சொல்லுவீகல்ல, அதான் குதிருக்குப் பின்னால இருந்துக்கிட்டேன். கடலை தீந்ததும் கத்துனேன். யாருக்கும் கேக்கலை.”

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நேரத்தில் எனக்கு அவள் உயிரைவிட என் வேலையைப் பற்றிய பயம்தான் முன்னால் வந்தது. “ஐயா, இது வெளிய தெரிஞ்சா என்னைய அனுப்பிருவாக” என்று வியாபாரியிடம் கெஞ்சினேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அவளைத் தூக்கிப்போய் வண்டியில் படுக்கவைத்து, திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்கு ஓட்டச் சொன்னார். வீட்டைப் பற்றி அவர்கள் அப்புறம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

மறுநாள் அண்ணன்களுக்குத் தகவல் சொல்லப் புறப்பட்டேன். குஜிலியம்பாறையில் பெரியவர் சோளம் அடித்துக்கொண்டிருந்தார்.

“அவ தம்பிகூடத்தானே போனா?” என்றார்.

வீட்டைக் காலி செய்துகொண்டு போன சின்னவரைப் பாலசமுத்திரத்தில் ஒரு தென்னந்தோப்பில் கண்டுபிடித்தேன்.

“பெரியவர் வீட்டுலதானே இருக்கா?” என்றார் அவரும்.

பதினோரு நாளில் ஒருவர்கூட ஆள் அனுப்பி விசாரித்திருக்கவில்லை. அவளை உள்ளே வைத்துப் பூட்டியவன் நான். விஷயத்தைச் சொன்னதும் சின்னவர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கடைசிவரை திரும்பவில்லை.

நடந்ததை நான் எழுதிக் கொடுத்த அறிக்கையை, சங்கத்தின் பேர் கெட்டுவிடும் என்று எங்கள் செயலாளர் கிழித்துப் போட்டார். என் வேலை போகவில்லை. அதன்பிறகு எந்த வீட்டையும் பரண்மேல் ஏறிப் பார்க்காமல் நான் பூட்டியதில்லை.

வியாபாரியின் மனைவி யார் யாரையோ பார்த்துப் பேசி, அவளுக்கு அதே ஆஸ்பத்திரியில் ஆயா வேலை வாங்கிக் கொடுத்தார். அந்தத் தெருவில் அவளைத் தூரத்தில் கண்டாலே நான் சைக்கிளைத் திருப்பிவிடுவேன். இரண்டு மூன்று வருஷம் இப்படியே ஓடியது. ஒருநாள் டீக்கடை வாசலில் எதிரே வந்து நின்றுவிட்டாள். நீலக்கரை போட்ட வெள்ளைச் சேலை. முகம் நன்றாகத் தெளிந்திருந்தது.

“சார், அன்னைக்கு வீடு பாக்க ஆள் வராம இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா?”

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் டீக்காசை எடுத்துக் கல்லாவில் வைத்தேன்.

“சரி, டூட்டிக்கு நேரமாச்சு, வாரேன்” என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிப் பக்கம் நடந்தாள்.