கொசு அறைக்காரர் போட்ட விண்ணப்பம்

அந்த ஆராய்ச்சி நிலையத்தில் பத்தொன்பது வருடமாக அவருக்கு ஒரே வேலை, கொசு வளர்ப்பது. வலைத்துணிக் கூண்டுகளில் நாலாயிரம் கொசுக்கள். நோய்க்கிருமி எதுவும் அண்டாத, நல்ல குடும்பத்துக் கொசுக்கள் என்று பெருமையடித்துக்கொள்வார். ஆண் கொசுவுக்குச் சர்க்கரைத் தண்ணீர், பெண் கொசுவுக்கு ரத்தம். ரத்தம் வந்து சேராத நாட்களில் சட்டைக் கையைச் சுருட்டி, தன் கையையே கூண்டுக்குள் நீட்டிவிடுவார். எல்லோருக்கும் அவர் ‘கொசு அண்ணன்’.

முனைவர் பட்ட ஆராய்ச்சிக்கு ஆள் எடுக்கும் அறிவிப்பைப் பலகையில் குத்தி வைக்கும் வேலையும் அவர் தலையில்தான் விழுந்திருந்தது. தாவரவியல், மருந்தியல், நுண்ணுயிரியல், செவிலியம் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். ஒருநாளும் அதைப் படித்ததில்லை. அந்த வருடம் குண்டூசி விரலில் ஏறிவிட, விரலைச் சப்பிக்கொண்டு நின்றபோது பதினான்காவது வரி கண்ணில் பட்டது: ‘கொசு சிலரை மட்டும் தேடிக் கடிப்பது ஏன்?’

அஞ்சல் வழியில் வாங்கிய விலங்கியல் முதுகலைப் பட்டம் பீரோவில் சேலைகளுக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தது. வயது வரம்பும் இல்லை.

“ஏங்க, இத்தனை வருஷம் அதுங்களுக்கு ரத்தம் குடுத்தது பத்தாதா? இப்ப மூளையையும் குடுக்கணுமா?” என்றாள் மனைவி.

“கேட்டா குடுக்க வேண்டியதுதான்.”

“இருந்தா குடுங்க.”

சொன்னாளே தவிர, பட்டத்தைத் தேடி எடுத்ததும் சட்டைக்கு இஸ்திரி போட்டதும் அவள்தான்.

நேர்காணல் குழுவில் ஐந்து பேர். தலைவர் கேள்வி கேட்பார், பதிலையும் அவரே சொல்வார், பிறகு அது தவறென்று விளக்குவார். கொசு அண்ணன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். அப்போது மேசை ஓரத்தில் கறுப்புக் காலில் வெள்ளை வரி போட்ட கொசு ஒன்று வந்து உட்கார்ந்தது.

“பெண் கொசு சார். பசியில இருக்கு. உங்களைத்தான் கடிக்கும்” என்றார் தலைவரிடம்.

“ஏன் நான்?”

“நீங்கதான் நிறைய பேசுறீங்க. மூச்சுக்காத்து அதிகமா வெளிய வருது, அதை வச்சுத்தான் அது ஆளைத் தேடும்.”

மற்ற நால்வரும் காகிதங்களுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். தலைவர் வாயைத் திறந்தார், பிறகு மூடினார். அரை நிமிடத்தில் ‘பட்’டென்று கணுக்காலில் அடித்துக்கொண்டார்.

ஓரத்தில் இருந்த பேராசிரியை மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்: “ஒரு தடவை நடந்தா அது தற்செயல். நிரூபிக்கிறது எப்படி?”

“பத்துப் பேரை ஒருநாள் சும்மா உட்கார வைக்கணும்மா. மறுநாள் அதே பத்துப் பேரைப் பேச விடணும். அதே அறை, அதே சூடு, அதே வயசுக் கொசு. ரெண்டு நாளும் எத்தனை வந்து உக்காருதுன்னு எண்ணணும். நான் என் கையிலயே எண்ணி, ஆறு நோட்டு எழுதி வச்சிருக்கேன்.”

பேராசிரியை சிரிப்பை விட்டுவிட்டு நோட்டுகளைக் கேட்டார்.

இடம் கிடைத்தது. சேர்க்கைப் படிவத்தில் ‘பெற்றோர் அல்லது பாதுகாவலர் கையொப்பம்’ என்று ஒரு கட்டம். நாற்பத்தாறு வயதில் யாரிடம் போவது? மனைவியிடம் நீட்டினார்.

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்தாள். “ஒழுங்கா வகுப்புக்குப் போவீங்களா?” என்று கேட்டாள். அவர் தலையாட்டிய பிறகுதான் பேனாவைத் திறந்தாள்.